தேக்கு இறங்கிய வழி

பொள்ளாச்சியினின்று சேத்துமடை வழியாக ஆனைமலையில் ஏறி, டாப்சிலிப்பைக் கடந்து அப்பாற் செல்வோர் பறம்பிக்குளத்தை அடைவர். இக்காடு கேரள மாநிலத்தின் எல்லைக்குள் அமைந்தது. ஆயினும் இதற்குச் செல்லும் சாலையோ தமிழ்நாட்டின் வழியாகவே உள்ளது. 2010-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இக்கானகத்தினூடே பழைய டிராம் வண்டிப் பாதை ஒன்றின் சுவடு கிடக்கின்றது. வனத்துறையினரின் இசைவு பெற்று, பொழுது புலரும்போது புறப்பட்டால், அதன் ஒரு பகுதியை நடந்து கண்டு மாலைக்குள் மீளலாம். துணையின்றிச் செல்லுதல் ஆகாது. காடர், மலசர், முதுவர் முதலிய மலைவாணருள் ஒருவர் வழிகாட்டியாக முன்னே நடப்பார். மடிந்த புல்லையும் ஈரம் உலராத சாணத்தையும் நோக்கி, யானை எப்பக்கம் சென்றது என்பதை அவர் உரைப்பார்.

நடப்பவர்க்கு இப்பாதை வருத்தம் தருவதன்று. பாரம் ஏற்றிய வண்டி செல்லுதற்கென அமைத்ததாதலின், மலையை நேரே ஏறாமல் அதன் இடுப்பைச் சுற்றி மெல்லச் சாய்ந்து செல்கின்றது. முதலில் மூங்கிலும் தேக்கும் மிடைந்த காடு. பின்னர் ஓடைகளை ஒட்டிய பள்ளங்களில் என்றும் இலை உதிராத சோலை. அங்கே நண்பகலிலும் அந்திபோல் ஒளி மங்கும். கொம்புகளில் மலையணில் தாவும். இருவாய்ச்சி பறக்குங்கால் எழும் சிறகொலி நெடுந்தொலைவு கேட்கும். மழைக்காலமாயின் அட்டைகளுக்கும் குறைவில்லை! கால்களை அடிக்கடி பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இத்தகைய காட்டினுள் இருப்புப் பாதை வந்தது ஏன்? கொச்சி நாட்டு அரசர் இங்குள்ள தேக்கையும் ஈட்டியையும் விற்றுப் பொருள் ஈட்டக் கருதினர். ஆற்றில் மிதக்கவிடலாமோ எனின், பச்சை ஈட்டி மரம் நீரில் அமிழ்ந்துவிடும். சாலக்குடி ஆற்றிலோ அதிரப்பள்ளி அருவி குறுக்கிடுகின்றது. ஆகவே, பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிவரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்குத் தண்டவாளம் இட்டனர். 1907-ஆம் ஆண்டு முதல் மரங்கள் அவ்வழியே இறங்கலாயின.

சமநிலத்தில் நீராவி எஞ்சின் இழுத்தது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் செல்லாது. அங்கே பொறியாளர் கையாண்ட முறை வியத்தற்குரியது. கிணற்று இராட்டினத்தில் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் குடம் கட்டினால், நிறைகுடம் இறங்க வெறுங்குடம் ஏறுமன்றோ? அம்முறையே இங்கும். சரிவின் உச்சியிலிருந்த பெரிய உருளையில் எஃகு வடத்தைச் சுற்றி, ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டியையும், மறுமுனையில் அடிவாரத்து வெற்று வண்டியையும் பிணைத்தனர். கனத்த வண்டி தன் எடையால் இறங்க, வெற்று வண்டி மேலேறியது. நீராவி வேண்டா, எருதும் வேண்டா. பிரேக்கைப் பிடித்திருப்பவன் மட்டும் கண்ணயராதிருத்தல் வேண்டும். அவன் கை நழுவினால் வண்டியும் மரமும் கீழே நிற்போர் உயிரும் போயின. மரத்தின் எடையே மரத்தை மலையினின்று இறக்கிய அவ்வெளிமை, காட்டிற்குக் கேடாகவும் முடிந்தது. ஒரு நூற்றாண்டில் வளர்ந்த மரத்தை அடிவாரம் சேர்ப்பது அத்துணை எளிதாயிற்று.

நாளடைவில் செலவு மிகுந்து வருவாய் குன்றியது. 1963-ஆம் ஆண்டில் டிராம் நின்றது. வண்டிகள் நின்ற பின் காடு சும்மா இருக்கவில்லை. வேரும் கொடியும் பாதையின்மேற் படர்ந்தன.

டிராம் பாதையில் அமைந்த குரியார்குட்டி என்னும் இடத்தைக் காணாமல் மீள்வது முறையன்று. பறவைநூல் வல்லுநர் சாலிம் அலி 1933-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தபோது இங்குத் தங்கினார். கோடரியோடு பலர் வந்த காட்டிற்குத் தொலைநோக்கியோடும் ஒருவர் வந்தார்.

திரும்பும் வழியில் தூணக்கடவின் பக்கத்தே கன்னிமரா என்னும் தேக்கு நிற்கின்றது. முன்னொருகால் இதனை வெட்டப் புகுந்தபோது வெட்டுவாயிலிருந்து குருதி பெருகிற்று என்றும், அஞ்சியவர் கோடரியை விட்டு நீங்கினர் என்றும் மலைவாணர் கூறுவர். அன்றுமுதல் அதனை வழிபட்டும் வருகின்றனர். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். வந்தவர்கள் ஐவர் கைகோத்து நின்று அதனைத் தழுவிப் பார்க்கின்றனர்.