சிங்கப்பூரில் முதல் வீடு: அறையா, முழு வீடா, கொண்டோவா?

சிங்கப்பூரில் வேலை கிடைத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு?" என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குடும்பம் எப்போது வரும்? சம்பளம் மாதம் 6,000 வெள்ளியாவது இருந்தால்தான் மனைவி, பிள்ளைகளுக்கு டிப்பெண்டன்ட் பாஸ், அதாவது குடும்பத்தினர் உடன் தங்கும் அனுமதி, கேட்க முடியும். (இங்கே தமிழில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம்.) இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் வீடு தேடுவதில் பாதி வேலை முடிந்தது.

தனியாக வருகிறவருக்கு வீவக வீட்டில் ஓர் அறையே போதும். வீவக என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். இங்கே பெரும்பாலோர் இருப்பது அது கட்டிய அடுக்குமாடிகளில்தான். குளியலறையோடு சேர்ந்தது மாஸ்டர் ரூம், குளியலறையைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்வது காமன் ரூம். தண்ணீர், மின்சாரம், வைஃபை பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும். கட்டில், பீரோ எதுவும் வாங்க வேண்டாம்.

அறையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு அவர் வேறெங்கோ போய்விட்டால் அது விதிமீறல். வீவக அதிகாரிகள் வந்து கேட்கும்போது நீங்களும் பெட்டியைக் கட்ட வேண்டிவரலாம். இரண்டாவது சமையல். விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருப்பார்கள். நான் முதலில் இருந்த வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். ரசம் லைட் குக்கிங்தானே என்று நான் நினைத்தேன். முட்டை அவிப்பதும் நூடுல்ஸுக்கு வெந்நீர் வைப்பதும்தான் லைட் குக்கிங் என்று வீட்டுக்கார ஆன்ட்டி நினைத்திருக்கிறார். கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்த மூன்றாம் நாளே பேச்சு வந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை, கேட்டுத் தெளியாதது நான்தான். இந்தியர் என்றாலே அறை இல்லை என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன, வருத்தமாகத்தான் இருக்கும். அங்கே வாதாடிக்கொண்டு நிற்காமல் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

குடும்பத்தோடு வருகிறவருக்கு முழு வீடு. இங்கே கணக்கு நம் ஊரைப் போல இல்லை: மூவறை வீடு என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும், நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறை. நம் டூ பிஎச்கே இங்கே மூவறை. அடுப்படி உங்களுடையது, கீழே இறங்கினால் காப்பிக்கடை, பஸ் நிறுத்தம், பிள்ளைகள் விளையாட இடம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரு புளோக்கில் 11 விழுக்காட்டுக்கும், ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காட்டுக்கும் மேல் முழு வீடுகளை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட முடியாது. மலேசியர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, நமக்கு உண்டு. வீடு பிடித்திருந்தும் அந்த புளோக்கில் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் கிடைக்காது. அறைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடியில் நீச்சல்குளமும் காவலாளியும் உண்டு. அதே வாடகைக்கு அறைகள் சின்னதாக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது நீந்துவேன் என்பவர் எடுக்கட்டும். அதில் இன்னொரு வசதி: குறைந்தபட்ச வாடகைக் காலம் அங்கே 3 மாதம், வீவக வீட்டில் அறையோ முழு வீடோ 6 மாதம்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்? ஒரு பேச்சுக்கு, அறை வாடகை 1,000 வெள்ளி, ஓராண்டு ஒப்பந்தம் என்று வையுங்கள். ஒரு மாத முன்பணம், முதல் மாத வாடகை, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரை வரி 48 வெள்ளி, ஆக 2,048. முழு வீடு 3,000 வெள்ளிக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால் வழக்கமாக இரண்டு மாத முன்பணம் கேட்பார்கள். அதோடு ஒரு மாத வாடகையும் 288 வெள்ளி வரியும் சேர்ந்தால் 9,288. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இவ்வளவும் எண்ணி வைக்க வேண்டும். வீவக வீட்டுக்கான பணத்தை முகவர் கையில் கொடுக்காதீர்கள். அதை அவர் வாங்கவே கூடாது.

இரண்டாண்டு ஒப்பந்தத்தில் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, 12 மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம் என்பதே அதன் சாரம். வேலை பாஸ் ரத்தானால் நாட்டில் தங்க வழக்கமாக 30 நாள்தான் தருவார்கள், இந்தப் பிரிவு இல்லாத ஒப்பந்தமோ மீதி மாதங்களுக்கும் வாடகை கேட்கும். ஓராண்டு ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவு பெரும்பாலும் இருக்காது.

இடத்தைப் பொறுத்தவரை, ரயில் மாறாமல் அலுவலகம் போக முடிந்தால் அதுவே நல்ல இடம். சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை என்றால் எக்ஸ்போ நிலையத்தில் இறங்க வேண்டும். தெம்பனிசிலிருந்து டவுன்டவுன் தடத்தில் மூன்றே நிறுத்தம். அதே தடம் லிட்டில் இந்தியாவுக்கும் போவதால் கறிவேப்பிலைக்கும் கவலை இல்லை. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் ஆசைப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால், குடும்பம் பின்னால் வருவதாக இருந்தாலும் முதல் ஆறு மாதம் அறைதான். அதற்குள் எந்த வட்டாரம் ஒத்துவரும், பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். உள்ளூர்ப் பள்ளியில் இடம் உறுதி கிடையாது, பெரும்பாலும் தேர்வு எழுதிக் காத்திருக்க வேண்டும். பள்ளி முடிவானதும் அதை ஒட்டி முழு வீடு பாருங்கள். எதை எடுத்தாலும், தினமும் தாளித்துச் சமைப்போம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி, அந்த வரியைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.