குனிந்து பார்த்து வாங்கு, தம்பி

தம்பி, செனவாங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு பஹாவ் பக்கம் இரண்டு தமிழ்ப்பள்ளித் திடல், ஒரு கோயில் வளாகம், தோட்டத்துக் கிளப் மைதானம் என்று நான்கு இடத்தில் புல் வெட்டக் குத்தகை எடுத்திருக்கிறாய். அக்காவுக்கு மனம் நிறைந்த சந்தோஷம். ஆனால் நேற்று போனில், "24 குதிரைத்திறன் அக்கா, சீட்டு சோபா மாதிரி இருக்கு, முன்னாடி லைட்டுகூட இருக்கு" என்று சொன்னாயே, அப்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நீ சொன்னது எல்லாமே மேலே தெரிகிற சமாச்சாரம். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி மெஷினின் ஆயுள் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. குனிந்து பார்க்காமல் பணம் கட்டாதே.

முதலில் ஒரு கணக்குப் போடு. இந்த மெஷின்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே பனிக்காலத்தில் புல் வளராது. வாரம் ஒன்றரை மணி நேரம், வருடத்துக்கு 25 வாரம் ஓட்டினால் ஏறக்குறைய 40 மணி நேரம். பத்து வருடம் ஓட்டினாலும் 400 மணி நேரத்தைத் தாண்டாது. நம் நெகிரி செம்பிலானில் புல்லுக்கு லீவு கிடையாது. ஜெலுபு பக்கம் மழை கொஞ்சம் குறைவு என்பார்கள். மற்ற இடத்தில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பெய்கிற மழைக்கு இந்த வாரம் வெட்டிய புல் அடுத்த வாரமே கணுக்கால் மறைக்கும். உன் நான்கு இடத்துக்கும் சேர்த்து வாரம் பத்து மணி நேரம் என்று வை. வருடத்துக்கு 500 மணி நேரம். அந்த நாட்டுக்காரன் பத்து வருடத்தில் ஓட்டுவதை நீ பத்தே மாதத்தில் ஓட்டிவிடுவாய். அதனால் கடைக்காரர் "அஞ்சு வருஷம் தாராளமா உழைக்கும்" என்றால் தலையாட்டாதே. "எத்தனை மணி நேரம் உழைக்கும்?" என்று கேள்.

பத்து மணி நேரம் எப்படி வந்தது என்று கேட்பாய். முழு அளவுக் கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர். அது 7,140 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். 42 அங்குல அகலத்தில் வெட்டும் மெஷினில், ஒரு வரிசையின் ஓரம் அடுத்த வரிசையில் கொஞ்சம் ஏறி வெட்டினால்தான் நடுவில் புல் நிற்காது. அப்படி நிகரமாகக் கிடைப்பது 95 சென்டிமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரம். திருப்புவது, கோல் கம்பத்தைச் சுற்றுவது எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரம். அதை வைத்து மற்ற இடங்களையும் நடந்து அளந்துகொள். அளக்காமல் மெஷின் பார்க்கப் போனால், கடைக்காரர் விற்க நினைப்பதைத்தான் வாங்கி வருவாய்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளித் திடல் வேலை முதன்முதலில் எனக்கு வந்தபோது பளபளப்பான புது மெஷின் ஒன்றை வாங்கினேன். வெட்டினது நன்றாகத்தான் வெட்டினது. விளையாட்டுப் போட்டி வருகிறது, திடலை உருட்டிக் கொடுங்கள் என்றார்கள். தண்ணீர் நிரப்பிய ரோலரைப் பின்னால் கட்டி இழுத்தேன். பதினான்காவது மாதம், கோயில் மேட்டில் ஏறும்போது மெஷின் "ஊ…" என்று முனகியது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் நகரவில்லை. இன்ஜின் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது, சக்கரம்தான் சுற்றவில்லை. பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சீல் பண்ணின பெட்டிம்மா, எண்ணெய் மாத்த வழியே வைக்கல" என்றார். புதுப் பெட்டிக்குச் சொன்ன விலை, மெஷின் விலையில் கிட்டத்தட்டப் பாதி.

அந்தப் பெட்டி எது என்றால், பின் அச்சோடு சேர்ந்திருக்கும் கியர்ப் பெட்டி. ஹைட்ரோஸ்டேட்டிக் வகையில் உள்ளே கியருக்குப் பதிலாக எண்ணெய்ப் பம்பும் எண்ணெய் மோட்டாரும் வேலை செய்யும். அந்த எண்ணெய் நம் ஊர் வெயிலில், மேட்டில் ஏறி ஏறிச் சூடாகி நீர்த்துப்போனால் தள்ளும் பலம் போய்விடும். நீ பார்க்க வேண்டியது மூன்று. எண்ணெயை வடிக்கத் திருகு இருக்கிறதா, வடிகட்டி இருக்கிறதா, மேலே குளிர்விக்கும் விசிறி முழுசாக இருக்கிறதா. பெட்டியின் மாடல் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள். டஃப் டார்க் வகையில் கே46 என்பது வீட்டுப் புல்லுக்கான இலேசான பெட்டி, கே66 அதைவிடக் கனமான வேலைக்கானது. வெளியே ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே பெட்டி இருப்பதுண்டு. ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

இங்கே ஒரு சொல் குழப்பம் வரும். கடையில் "கார்டன் டிராக்டர்" என்பார்கள். நமக்குத் தோட்டத்து டிராக்டர் என்றால் செம்பனைக் குலை ஏற்றுகிற டிராக்டர்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கப் கேடட் வண்டியை விட்டது. 1963இல் ஜான் டியர் 110 என்ற வண்டியை விட்டது. அவையெல்லாம் சின்ன உருவத்தில் உண்மையான டிராக்டர்கள்: கனமான சட்டம், பெரிய பின் சக்கரம், இழுக்கிற பலம். பின்னால் அதே முகத்தோடு இலேசான சட்டமும் சின்னப் பெட்டியும் வைத்து, புல் மட்டும் வெட்டுகிற லான் டிராக்டர்கள் வந்தன. முகம் ஒன்றுதான், முதுகெலும்பு வேறு. சமதரையில் வெட்டுவதற்கு லான் டிராக்டர் போதும். ரோலர், மண் டிரெய்லர் எல்லாம் இழுக்கப் போகிறாய் என்றால் கார்டன் டிராக்டர்தான் வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

அடுத்து டெக், அதாவது கத்திகளை மூடியிருக்கும் இரும்புத் தட்டு. ரெம்பாவ், தம்பின் பக்கமெல்லாம் செம்மண்ணுக்குள் லேட்டரைட் கல் மறைந்து கிடக்கும். நம் பக்கமும் அதற்குச் சளைத்ததில்லை. மழையில் மண் கரைய, போன வாரம் இல்லாத கல் இந்த வாரம் தலை நீட்டும். தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கனம் கூடும். 13 கேஜ் 2.3 மில்லிமீட்டர் அளவு, 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.5க்குக் கொஞ்சம் மேல். ஒரே தகட்டை அழுத்தி வடித்ததைவிட, கனத்த தகடுகளை வெட்டிப் பற்றவைத்த டெக் நம் கல்லுக்குத் தாங்கும். பழைய மெஷின் என்றால் டெக்குக்கு அடியில் டார்ச் அடித்து, கத்தி தொங்குகிற ஸ்பிண்டிலைச் சுற்றி ஸ்குரூடிரைவர் நுனியால் சுரண்டு. காய்ந்த புல் பாளமாகப் பெயர்ந்து விழும். அதற்குப் பின்னால் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அது வெடிப்பு. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகச் சுரண்டு. பிறகு சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தடித்த கையுறை போட்டுக் கத்தியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. கடகட என்றால் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றிக்கொள்ளலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். வெடித்த டெக்கை மட்டும் வாங்காதே.

இன்ஜினில் குதிரைத்திறன் எண்ணைப் பிறகு பார். முதலில் எண்ணெய் வடிகட்டி இருக்கிறதா பார். வடிகட்டி இருந்தால் பெரும்பாலும் பம்பு வைத்து எண்ணெயை அழுத்தி அனுப்புகிற வகை. சின்ன இன்ஜின்கள் சிலவற்றில் உள்ளே ஒரு கரண்டி போன்ற துண்டு எண்ணெயை வாரித் தெளிக்கும், அவ்வளவுதான். மேட்டில் சாய்ந்து ஓடும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் தெளிப்பது நின்றுபோகும். சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை இருக்கிறதா என்றும் கேள். அது இருந்தால் தேய்மானம் மெதுவாகத்தான் வரும்.

அப்பா டிராக்டர் ஓட்டினதை நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பாய். பெரட்டு முடிந்து எல்லாரும் வேலைக்காட்டுக்குக் கிளம்பும்போது அவர் மட்டும் ஸ்டோர் வாசலில் நிற்பார். எண்ணெய்க் கம்பியை உருவி, இடுப்பில் செருகிய துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு சொட்டை விரலில் தேய்த்து மோந்து பார்ப்பார். கருகின வாடை அடித்தால் அன்றைக்கு மண்டோர் என்ன கத்தினாலும் சாவி போடமாட்டார். அந்த ஒரு நிமிஷத்தை நீயும் பழகிக்கொள். புது இன்ஜினுக்கு முதல் எண்ணெய் மாற்றம் 5 முதல் 8 மணி நேரத்துக்குள் வரும். அதன்பின் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள். உன் வேலைக்கு அது ஐந்து வாரத்துக்கு ஒருமுறை.

ஜப்பானிலிருந்து வருகிற பழைய சின்ன டீசல் டிராக்டர்களை, கூபோத்தா, யன்மார், இசெக்கி எல்லாம், சிலர் உனக்குச் சிபாரிசு செய்வார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கனம் அதிகம், மழை நாளில் பள்ளித் திடலில் சக்கரத் தடம் பள்ளமாக விழும், பிள்ளைகள் காலை மடக்கிக்கொள்வார்கள். பல வண்டிகளில் கவிழ்ந்தால் காப்பாற்றும் தலைக்கம்பி இருக்காது. டீசலும் முன்போல மலிவில்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 3.35 வெள்ளிக்குப் போனதும் பலர் கணக்கு மாறிவிட்டது. முழங்கால் உயர லாலான் புல் நிற்கிற காலி நிலம் குத்தகைக்கு வந்தால் அப்போது இந்த வண்டியை யோசி. திடல் மெஷினை லாலானுக்குள் விடாதே. அது ஸ்பிண்டிலில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு பெல்ட்டை எரித்துவிடும். முதலில் முதுகில் மாட்டி வெட்டும் முதுகு மெஷினால் அடித்துத் தணித்துவிட்டு, பிறகுதான் திடல் மெஷின்.

பழையது வாங்கும்போது மணி மீட்டரை மட்டும் நம்பாதே, அது மாற்றக்கூடிய சாமான். மிதியின் ரப்பர் வழுக்கை ஆகியிருக்கிறதா, ஸ்டீயரிங் எவ்வளவு ஆடுகிறது என்று பார். "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போ. பானெட்டில் கை வைத்துப் பார், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் எடுத்ததும் நீலப் புகை விட்டால் எண்ணெய் எரிகிறது. பிறகு அரை மணி நேரம் விடாமல் ஓட்டி, நன்றாகச் சூடான பின் ஒரு மேட்டில் ஏற்று. நான் வாங்கும்போது செய்யத் தவறிய சோதனை இதுதான். குளிர்ந்திருக்கும்போது எந்தப் பெட்டியும் ஏறும்.

மேடு என்றதும் கோயில் பின்பக்கம் ஞாபகம் வருகிறது. இந்த மெஷின்களின் கையேடுகள் பொதுவாக 15 டிகிரிக்கு மேல் சரிவு வேண்டாம் என்கின்றன. பத்து அடி தூரத்துக்கு இரண்டே முக்கால் அடி ஏறினால் அது 15 டிகிரியைத் தாண்டிவிட்டது. மட்டப் பலகையும் கயிறும் வைத்து அளந்து பார். சரிவில் மேலும் கீழுமாக வெட்டு, குறுக்கே போகாதே. ஈரமாக இருந்தால் போகவே வேண்டாம். கத்தி நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அதில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டுதான். பள்ளி விட்டு, கடைசிப் பிள்ளை வேன் ஏறின பிறகு திடலை ஒரு சுற்று நடந்து கல், கம்பி, புட்டி எல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் சாவி போட வேண்டும். அப்படியும் அடிபட்டால் கைகொடுக்க, சொக்சோவில் சுயதொழில் செய்கிறவர்களுக்கான திட்டம் இருக்கிறது, 2017ஆம் ஆண்டு 789ஆம் சட்டப்படி வந்தது. முதல் வேலைக்கு முன்பே பதிந்துகொள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலிக்கரையில், கம்பத்தடியில் மெஷின் எட்டாத இடம் மிஞ்சும்போது "மருந்து அடிச்சிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அம்மா பன்னிரண்டு வருடம் மருந்தடி வேலை பார்த்தாள். டின்னை முதுகில் சுமந்து, நகம் வெளுத்து, மூக்கில் இரத்தம் வடிய வந்து லயத்துத் திண்ணையில் உட்கார்ந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்திருக்கிறேன். பாரகுவாட் இந்த நாட்டில் 2002இல் தடையாகி, 2006இல் திரும்ப வந்து, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுசாக நின்றது. இன்றைக்கு விற்கிற மருந்து வேறாக இருக்கலாம். பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுகிற திடலில் நம் கையால் எதையும் தெளிக்க வேண்டாம். மிஞ்சும் ஓரத்தை முதுகு மெஷினால் அடி, அரை மணி கூடப் பிடிக்கட்டும். அந்த அரை மணியையும் சேர்த்துக் குத்தகைப் பணம் பேசு.

டயருக்கு நான்கு அடுக்கு வகை கேள். செம்பனை மட்டையின் முள் சாதாரண டயரில் ஊசி மாதிரி இறங்கும். உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிவிட்டால் பாதி வழியில் நிற்க வேண்டியிருக்காது. வெட்டி முடித்ததும் டெக் அடியில் ஒட்டின புல்லை மரப் பலகையால் சுரண்டு. பம்பு வைத்துப் பேரிங் பக்கம் தண்ணீர் அடிக்காதே.

கடைசியாகச் சாமான். பணம் கொடுப்பதற்கு முன்பு சிரம்பானில் பெல்ட், கத்தி, ஸ்பிண்டில், வடிகட்டி நான்கும் எந்தக் கடையில், என்ன விலைக்கு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று நேரில் போய்க் கேட்டு எழுதி வா. மூன்று வாரம் ஆகும் என்கிற மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உனக்கு வேண்டாம். மூன்று வாரத்தில் நான்கு இடத்திலும் புல் முழங்காலுக்கு வந்துவிடும், குத்தகை வேறு ஆளுக்குப் போய்விடும். தெக்குன் ஸ்புமி கடனுக்கு மனு போடுவதாகச் சொன்னாய், போடு. ஆனால் கையிலிருக்கும் முழுப் பணத்தையும் மெஷினில் போடாமல் சாமானுக்கென்று ஆயிரம் வெள்ளியாவது தனியாக வை. மெஷின் படுத்தாலும் தவணை படுக்காது.

சனிக்கிழமை காலை நீ போனில் சொன்ன அந்தப் பழைய மெஷினைப் பார்க்க நானும் வருகிறேன். டார்ச், நீளமான ஸ்குரூடிரைவர், கையுறை நான் எடுத்து வருகிறேன். அடியில் படுத்துப் பார்க்க ஒரு பழைய கோணிச் சாக்கு நீ எடுத்துக்கொள்.