வலது பக்கக் கணக்கு

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். நேற்று போனில் நீ அழுதது வேலை போகிறதே என்பதற்காக இல்லை, போகிற நாள் தெரியவில்லையே என்பதற்காக என்று எனக்குப் பட்டது. மார்ச்சில் லைனை மூடுகிறோம் என்றார்கள், பிறகு ஜூன் என்றார்கள், இப்போது செப்டம்பர். இதற்கிடையில் இன்னொரு கம்பெனி 30 நாளில் வந்து சேரச் சொல்கிறது. ராஜினாமா கொடுத்தால் ஆட்குறைப்பு இழப்பீடு போய்விடும். காத்திருந்தால் கையில் வந்த வேலை போய்விடும். 22 வருஷம் ஆலைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, போகிறவர்களுக்கெல்லாம் செட்டில்மென்ட் போட்டுக் கொடுத்தவள் நான். உனக்கும் போட்டுப் பார்த்தேன்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடு. நீயாக விலகினாலும் உனக்கு வரவேண்டியதை இடது பக்கம் எழுது: வேலை செய்த நாட்களின் சம்பளம், விதிப்படி சேர்ந்த விடுப்புப் பணம், பி.எஃப். அவர்களாக அனுப்பினால் மட்டும் வருவதை வலது பக்கம் எழுது. எல்லாரும் இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, இவ்வளவையும் விட்டுவிட்டா போவது என்று கலங்குகிறார்கள். ராஜினாமா கொடுத்தால் நீ இழப்பது வலது பக்கத்தை மட்டும்தான்.

அந்த வலது பக்கத்தில் என்ன இருக்கிறது? முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்திலும் அதுதான் இருந்தது, 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அதுதான். உனக்கு 4 வருஷம் 2 மாதம் ஆகிறது. ஆக 60 நாள், அதாவது இரண்டு மாதச் சம்பளம். அதுவும் சட்டத்தின் கணக்கில் நீ தொழிலாளியாக இருந்தால்தான். 'குவாலிட்டி இன்ஜினியர்' என்ற பதவிப் பெயரை வைத்து அதை முடிவு செய்யமாட்டார்கள். அன்றாடம் என்ன வேலை செய்கிறாய் என்று பார்ப்பார்கள்.

அதற்கு மேல் மூன்று மாதச் சம்பளம் தருவார்கள் என்பது இதுவரை வெறும் வாய்ப்பேச்சு. இன்றைக்கே ஹெச்.ஆருக்கு மெயில் போடு. யாருக்கெல்லாம் உண்டு, எந்தத் தேதி வரை பணியில் இருக்கவேண்டும், முன்கூட்டியே விடுவித்தால் எவ்வளவு என்று கேள். கடைசிக் கேள்வியைக் கேட்க நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். வேலை குறைந்துவிட்ட லைனில் ஒருவர் சீக்கிரம் கிளம்பினால் கம்பெனிக்கும் அந்த மாதச் சம்பளம் மிச்சம்தானே. பேசி, ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு நானே செக் எழுதியிருக்கிறேன்.

கிராஜுவிட்டியைத் தனியாகப் பார்க்கவேண்டும். அதற்கு 5 வருஷம் வேண்டும். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உன் அடிப்படைச் சம்பளம் 30,000. அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 5 வருஷத்துக்குப் போட்டால் சுமார் 86,500 ரூபாய் வரும். ஆனால் 240 நாள் நிரம்ப உனக்கு இன்னும் ஆறு மாதம் ஆகும். செப்டம்பரில் உண்மையாகவே மூடினால் அது உனக்கு இல்லை. ஆகவே, இன்னொரு தடவை தள்ளிப்போடட்டும் என்று நீயே வேண்டிக்கொள்ள ஆரம்பிப்பாய். பலர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் காத்திருந்தவர்கள் வாங்கினார்களே என்று கேட்டாய். வாங்கினார்கள்தான். 2021 செப்டம்பர் 9 அன்று மூடப்போவதாக அறிவித்தார்கள். ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் ஆனது. வருஷத்துக்கு 115 நாள் சம்பளம் என்று கம்பெனி சொன்னது, கடைசியில் 130 நாளாக உயர்ந்தது. ஏன் உயர்ந்தது என்று பார். முடித்துக் கொடுக்கவேண்டிய ஏற்றுமதி கார்கள் லைனில் இருந்தன, 2022 மே கடைசியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், பேச ஒரு சங்கம் இருந்தது. பத்து வருஷ சர்வீஸ் உள்ளவருக்கு 1,300 நாள், மூன்றரை வருஷச் சம்பளம்! அவர்கள் இருந்த இடத்தில் நான் இருந்தால் நானும் காத்திருப்பேன். உனக்கு நாலு வருஷம்தான், சங்கமும் இல்லை, உன் பிரிவில் மிஞ்சியிருப்பது மூன்று பேர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உன் சித்தப்பா அம்பத்தூரில் ஒரு வார்ப்பட ஆலையில் 19 வருஷம் இருந்தார். அங்கேயும் இதோ மூடுகிறோம், இதோ பணம் என்று 14 மாதம் ஓடியது. அத்தனை வருஷ சர்வீஸுக்கு அவர் காத்திருந்தது தப்பில்லை. நாங்கள் கவனிக்காமல் விட்டதுதான் தப்பு. முதலில் கேன்டீனில் காலை டீயோடு தரும் வடை நின்றது. பிறகு 1-ஆம் தேதிச் சம்பளம் 9-ஆம் தேதிக்குப் போனது, 20-க்குப் போனது. பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தபோது ஏழு மாதமாகச் சம்பளத்தில் பிடித்த பணம் கட்டப்படவே இல்லை. கம்பெனி திவாலாகிக் கலைப்புக்குப் போனால், தொழிலாளியின் கடைசி 24 மாத பாக்கிக்கு வங்கிகளோடு சம வரிசையில் இடம் கொடுக்கிறது சட்டம். ஆனாலும் அது வரிசைதான். எங்கள் முறை வர மூன்று வருஷம் ஆனது, வந்ததும் பாதிதான்.

அதனால் இன்று ராத்திரியே உன் பாஸ்புக்கைத் திறந்து பார். போன மாதப் பங்கை இந்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்கவேண்டும். புதுக் கம்பெனியிடம் 45 நாள் அவகாசம் கேள். தேவைப்படுகிற ஆளுக்குக் கூடுதலாகப் பதினைந்து நாள் கொடுப்பார்கள். ஹெச்.ஆர். எழுத்தில் பதில் தந்து, முன்கூட்டியே விடுவிக்கவும் சம்மதித்தால் வாங்கிக்கொண்டு கிளம்பு. பத்து நாளில் எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் புது வேலைக்குப் போ என்றுதான் நான் சொல்வேன். செப்டம்பரில் உங்கள் கேட்டிலிருந்து எல்லாரும் ஒரே வாரத்தில் ரெஸ்யூமோடு வெளியே வருவார்கள், அப்போது இந்த இடம் காலியாக இருக்காது.

தொகை எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று எழுதிக் கொடு, பணம் பின்னால் வரும் என்றால் யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டு எனக்கு போன் பண்ணு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. நியமன உத்தரவையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் மறக்காமல் எடுத்து வா. உன் சித்தப்பாவும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்கிறார்.

அன்புடன்,
சித்தி