பூட்டும் மசகும்

*திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். பூட்டு பழுதின்றி இயங்க இரும்பும் திறமும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றும் வேண்டும். அப்படலத்தைப் பற்றியது இப்பாடம்.*

திண்டுக்கல் நகரின் நாகல் நகரிலும் அதனை அடுத்த நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி முதலிய ஊர்களிலும் பூட்டுத் தொழில் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. தகட்டை வெட்டி, அரத்தால் தேய்த்து, ஒவ்வொரு பூட்டையும் கையாலேயே முடிக்கும் பட்டறைகள் இவை. திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும், அலிகார் நகரிலிருந்தும் பெரிய ஆலைகளிலிருந்தும் மலிவாக வரும் பூட்டுகளோடு போட்டியிட வேண்டிய நிலையில்தான் இத்தொழில் இன்றும் உள்ளது. 'நாள்பட உழைக்கும்' என்னும் நம்பிக்கையே கைவினைஞரின் கைம்முதல். இறுகிப்போன பூட்டு ஒன்று அந்நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

பூட்டு ஏன் இறுகுகிறது? அதனுள் அடுக்கப்பட்டிருக்கும் லீவர் தகடுகளைச் சாவியின் பற்கள் உரிய உயரத்திற்கு உயர்த்தினால்தான் தாழ் நகரும். தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி மிகச் சிறிது. துருவோ, தூசோ, பிசினாகிய எண்ணெயோ அங்குத் தங்கினால் ஒரு தகடு நின்றுவிடும். ஒன்று நின்றால் பூட்டே நின்றுவிடும்.

நம் வீடுகளில் இதற்குத் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். இதனை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பு அமில மூலக்கூறுகளின் ஒரு முனை உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்ளும். எனவே விட்டவுடன் பூட்டு இலகுவாகத் திறக்கிறது. தொல்லை பின்னர்தான் வருகிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசு அளவிலேயே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் சாவி திரும்பாமைக்கு இதுவும் ஒரு காரணம். நல்லெண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிந்து நாளடைவில் பிசுபிசுப்பாகும். இரண்டும் தூசியை ஈர்த்து வைத்துக்கொள்ளும்.

மசகு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்கு இட்டவர்கள் நம் முன்னோர். அக்கரியின் தொலைதூர உறவுதான் காரீயம் எனப்படும் கிராஃபைட். இதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இயல்புடையவை. மென்மையான பென்சிலின் கூரைச் சாவியின்மீது தேய்த்துப் பூட்டில் நுழைத்துத் திருப்பினால், ஈரமற்ற மசகு உள்ளே சென்றுவிடும்.

இனிச் சிலிக்கோனுக்கு வருவோம். சிலிக்கானும் ஆக்சிசனும் மாறிமாறி இணைந்த நீண்ட சங்கிலி இது. சங்கிலியின் இருபுறமும் மெத்தில் தொகுதிகள் சிறகுபோல் அமைந்திருக்கும். மூலப்பொருளின் தொடக்கமோ மணல். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஃபிரடெரிக் கிப்பிங் இவ்வகைச் சேர்மங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அவற்றால் பெரும்பயன் விளையும் என்று அவரே நம்பவில்லை. 1940இல் அமெரிக்க வேதியியலாளர் யூஜின் ரோக்கோ, சிலிக்கானை மெத்தில் குளோரைடுடன் செம்பின் துணைகொண்டு நேரடியாக வினைபுரியச் செய்து, பேரளவு உற்பத்திக்கு வழி திறந்தார்.

சிலிக்கோன் எண்ணெயின் தனிச்சிறப்பு, வெப்பநிலை மாறினாலும் அதன் பாகுநிலை பெரிதும் மாறாமையே. மார்கழிக் குளிரில் அது உறைவதில்லை. சித்திரை வெயிலில் நீர்த்து வழிவதுமில்லை. அதன் பரப்பு இழுவிசை நீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலால் துளி விழுந்த இடமெல்லாம் பரவி மெல்லிய படலமாகிறது. அப்படலம் நீரை ஒட்டவிடாது. கார்க்கதவின் ரப்பர் பட்டைக்குக் கனிம எண்ணெய் இட்டால் ரப்பர் உப்பிக் கெடும். சிலிக்கோன் அத்தீங்கைச் செய்யாது.

அவ்வாறாயின் பூட்டுக்கும் அதுவே சிறந்ததா? இங்குதான் நிதானம் வேண்டும். எஃகும் எஃகும் கடும் அழுத்தத்தில் உராயும் இடத்தில் சிலிக்கோன் படலம் நிலைப்பதில்லை. தாவர எண்ணெய்போல் உலோகத்தைப் பற்றும் முனை அதற்கில்லை. சாவித்துளை, நெகிழி உறுப்பு, மழைபடும் வெளிப்புறம் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். பெரும் இரும்புப் பெட்டகத்தின் கனத்த தாழ்களுக்குக் கிரீசே தகும். மற்றொன்று: வண்ணம் பூசும் இடத்திற்கு அருகே சிலிக்கோனைத் தெளித்தல் ஆகாது. அதன் நுண்துளி தகட்டில் படிந்தால், பூசிய வண்ணம் அவ்விடத்தில் ஒட்டாமல் சிறுசிறு குழிகளாக விலகிவிடும். பூட்டைப் பளபளக்கச் செய்ய எண்ணியவர் அதன் மேற்பூச்சையே இழப்பார்!

எண்ணெயாக அன்றிப் பால்மமாகவும் சிலிக்கோன் பயன்படுகிறது. பாலில் கொழுப்பு நுண்துளிகளாக மிதப்பதுபோல, நீரில் சிலிக்கோன் துளிகள் மிதக்கும். அவை ஒன்றுசேர்ந்து பிரியாதபடி பால்மமாக்கி காக்கும். பூசியபின் நீர் ஆவியாகிப் படலம் மட்டும் எஞ்சும். திண்டுக்கல் மாவட்டம் நூற்பாலைகள் மிகுந்தது என்பதை நாம் அறிவோம். நூலுக்கும் மசகு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆடை ஆலையின் தையல் இயந்திரம் நிமிடத்திற்கு 5000 தையல்வரை இடும். அவ்விரைவில் ஊசியின் வெப்பம் 250 பாகையைத் தாண்டக்கூடும். பாலியெஸ்டர் நூல் ஏறத்தாழ 260 பாகையில் உருகிவிடும். மெழுகும் சிலிக்கோனும் கலந்த பூச்சு உராய்வைக் குறைத்து நூல் அறாமல் காக்கிறது. பூச்சு குறைந்தால் நூல் அறும். மிகுந்தால் துணியில் கறை படியும். எவ்வளவு பூச வேண்டும் என்பதை நூலின் தடிமனும் இயந்திரத்தின் விரைவும் முடிவு செய்கின்றன.