திரையில் வராததெல்லாம் தொலைந்துவிட்டதா?

பெஸ்தாரி ஜெயாவில் கணினி படிப்பவர்களுக்கும், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட வீடுகளில் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் பழகுகிறவர்களுக்கும் இந்த வாரப் பத்தி. கணினியைத் திறந்ததும் கடகடவென ஓடுகின்றனவே சில வரிகள், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எழுதும் அந்தச் செய்திகளைப் பற்றித்தான்.

நம்பிக்கை: செய்தியின் படி எண் கூடினால் ஆபத்தும் கூடும்.

உண்மை: நேர்மாறு. கெர்னல் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 வந்தால் கணினி இனி உதவாது என்று பொருள். 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரலாளருக்கான டீபக். 1980களில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் என்னும் பதிவு முறையின் வரிசைதான் இது.

நம்பிக்கை: திரையில் வராத செய்தியைக் கெர்னல் தூக்கி எறிந்துவிடும்.

உண்மை: பலரும் இடறி விழும் இடம் இது. கன்சோலுக்கு ஒரு வரம்பு எண் உண்டு. அதைவிடச் சிறிய எண்ணுள்ள செய்திதான் திரைக்கு வரும். வழக்கமான வரம்பு 7. தொடக்கக் கட்டளையில் ‘குவையட்’ என்று இருந்தால் 4. அப்போது 0 முதல் 3 வரை மட்டுமே தெரியும். மற்றவை எங்கே? தோட்டத்துக் கிராணி எல்லாவற்றையும் செக்ரோலில் ஏற்றிவிட்டு, அவசரமானதை மட்டும் துரை காதில் போடுவதைப் போல, கெர்னல் அனைத்தையும் நினைவகத்திலுள்ள ஒரு சுழல் தேக்கத்தில் எழுதிவைக்கிறது. ‘டிமெஸ்ஜ்’ கட்டளை கொடுத்தால் படிக்கலாம். தேக்கம் நிரம்பியதும் பழைய செய்திகள் மேல் புதியவை ஏறும். உண்மையான இழப்பு அங்கேதான்.

நம்பிக்கை: படி எண், கெர்னல் நிரலில் செய்தி எழுதும் ‘பிரின்ட்கே’ செயற்கூற்றுக்குத் தனியாகத் தரவேண்டிய மதிப்பு.

உண்மை: அது செய்தியோடு ஒட்டிய முன்னொட்டு. பிழைக்கான முன்னொட்டை ‘கெர்ன் எர்’ என்று எழுதியபின் காற்புள்ளி வராது. அடுத்தடுத்து நிற்கும் இரு சரங்களை சி மொழித் தொகுப்பியே ஒன்றாக்கிவிடும். காற்புள்ளி போட்டால் முன்னொட்டு மட்டும் போய்ச் சேரும், செய்தி போகாது. இந்த முன்னொட்டு முன்பு கோண அடைப்புக்குள் எண், மூன்று எழுத்து. 2012இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தும் எண்ணும், இரண்டே. முன்னொட்டே இல்லாவிட்டால் பொதுவாக 4ஆகக் கொள்ளப்படும். இப்போது எழுதுகிறவர்கள் ‘பிஆர் எர்’, ‘பிஆர் இன்ஃபோ’ போன்ற குறுவடிவங்களையே பயன்படுத்துங்கள். இந்தத் தொல்லையே இல்லை.

நம்பிக்கை: 0 எண்ணுள்ள செய்தி வந்தால் கெர்னல் நின்றுவிடும்.

உண்மை: நிற்காது. நிறுத்துவது ‘பேனிக்’ என்னும் வேறு செயற்கூறு. எண்ணை ஒட்டுவது நிரல் எழுதியவர். அது அவருடைய கணிப்பு, அவ்வளவே. சிறு விஷயத்துக்கும் பெரிதாய்க் கூச்சலிடும் டிரைவர்கள் உண்டு.

ஆகவே யாரிடமாவது உதவி கேட்கும்போது திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். டிமெஸ்ஜ் தரும் முழுப் பதிவையும் கோப்பாக அனுப்புங்கள்.