ஒளியால் அளந்த தேவாலயம்

மாணவர்களே! உயர்ந்த சுவரைத் தொடாமலே அளக்க முடியுமா? முடியும். லேசர் ஒளித்துடிப்பு சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் போதும். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. சுவர் 30 மீட்டர் தொலைவில் இருந்தால், போய்வர 60 மீட்டர்; ஆகும் நேரம் நொடியில் 50 லட்சத்தில் ஒரு பங்கு!

பாரிசிலுள்ள நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் 2010-இல் இவ்வாறு அளந்தார். 50-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகள் கிடைத்தன. இத்தகைய புள்ளிகளை வடிவமைப்பாளர்கள் இணைத்துக் கணிப்பொறியில் முப்பரிமாண மாதிரி அமைக்கின்றனர்.

2019 ஏப்ரல் 15-இல் தேவாலயத்தின் கூரை எரிந்தது. சீரமைப்புக்கு அந்தப் பழைய அளவுகள் துணைநின்றன. 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

உங்கள் பள்ளிக் கட்டடத்தை அளவு நாடாவால் அளந்து படம் வரைந்து பாருங்களேன்!