ஈரி ஏரியின் நீரோட்டம்: கணினியில் கணிப்பது எப்படி?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள ஈரி ஏரியின் நீளம் 388 கிலோமீட்டர். சராசரி ஆழமோ 19 மீட்டர்தான். தென்மேற்கிலிருந்து புயல்காற்று நீளவாக்கில் வீசினால், மேற்கே டொலீடோவில் நீர் இறங்கி, கிழக்கே பஃபலோவில் ஏறும். இரு முனைகளின் மட்டமும் இரண்டு மீட்டருக்கு மேல் வேறுபட்டதுண்டு. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவா இந்த ஏரிக்கான முன்னறிவிப்பை எஃப்.வி.காம் என்ற முப்பரிமாண மாதிரியைக் கொண்டு தருகிறது. கற்றுக்கொள்ள, ஆழச் சராசரி எடுத்த இருபரிமாண மாதிரி போதும், பைத்தானிலேயே எழுதலாம்.

1. ஆழத் தரவு: நோவாவின் ஏரித்தள ஆழத் தரவை இறக்கி, 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். கரையோரக் கட்டங்களுக்குக் குறைந்தபட்ச ஆழம் 3 மீட்டர் என வையுங்கள். இல்லாவிட்டால் நீர் விலகும்போது கட்டம் வறண்டு கணக்கு முறியும்.

2. காலப் படி: ஏரியின் மிக ஆழமான இடம் 64 மீட்டர். அங்கே நீள அலை நொடிக்கு 25 மீட்டர் ஓடும். 2 கிலோமீட்டரை 80 நொடியில் கடந்துவிடும். ஒரு படிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. எனவே, பாதுகாப்பு இடைவெளி விட்டு, காலப் படி 30 நொடியைத் தாண்ட வேண்டாம்.

3. காற்று: நீர்ப்பரப்பின் மீதான இழுவிசை = காற்றின் அடர்த்தி (1.2) × இழுவைக் குணகம் × வேகத்தின் வர்க்கம். பலத்த காற்றுக்குக் குணகம் ஏறத்தாழ 0.002. நொடிக்கு 20 மீட்டர் காற்றுக்கு விசை 0.96 பாஸ்கல். வேகம் வர்க்கமாவதால், அதில் 10 சதவீதப் பிழை விசையில் 21 சதவீதமாகிவிடும். கரைமேல் காற்று தடைபடும். ஏரி நடுவிலுள்ள மிதவையின் அளவீட்டையே முதலில் நாடுங்கள்.

4. மற்ற விசைகள்: தள உராய்வையும், புவிச் சுழற்சி விளைவையும் சேருங்கள். இந்த அட்சரேகையில் சுழற்சிக் குணகம் நொடிக்கு சுமார் 0.0001.

5. சோதனை: முதலில் காற்றே இல்லாமல் ஓட்டுங்கள், நீர் அசையக் கூடாது. அடுத்து, நீளவாக்கில் நொடிக்கு 20 மீட்டர் காற்றை ஒரு நாளில் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். திடீரென்று ஏற்றினால் மட்டம் எல்லை மீறி ஊசலாடும். விசையை நீரடர்த்தி, ஈர்ப்பு, ஆழம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்து, நீளத்தால் பெருக்கினால் முனைகளின் மட்ட வேறுபாடு கிடைக்கும்: சுமார் 2 மீட்டர். மாதிரியும் இதற்கு அருகில் வர வேண்டும். பிறகு காற்றை நிறுத்துங்கள். ஏரி முனைக்கு முனை ஆடும். அந்த ஆட்டத்தின் காலம் சுமார் 14 மணி நேரம் இருக்க வேண்டும்.

6. ஓட்டத்தைப் படித்தல்: ஆழமற்ற கரையோரங்களில் நீர் காற்றோடு போகும், ஆழமான நடுப்பகுதியில் காற்றை எதிர்த்துத் திரும்பும். இரண்டு சுழல்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அவை தெரியாவிட்டால் ஆழக் கோப்பைச் சரிபாருங்கள்.

7. ஒப்பீடு: ஒரு பழைய புயலின் காற்றைக் கொடுத்து, டொலீடோ, பஃபலோ நீர்மட்டப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் முதலில் காற்றையும், பிறகு ஆழத்தையும் சந்தேகியுங்கள். உராய்வுக் குணகத்தை மாற்றுவது கடைசி வழி. கோடையில் வெதுவெதுப்பான நீர் மேலும் குளிர்ந்த நீர் கீழுமாக ஏரி அடுக்காகப் பிரியும். அந்த மாதங்களுக்கு முப்பரிமாண மாதிரி தேவை.